எடை கூடிய திருட்டு

அத்தியாயம் 5

“இன்னிக்கு மூணு மணிக்குள்ள நான் திருடன் இல்லைன்னு ஆகணும் அக்கா” என்றான் பீமாராவ். நாற்காலி காலியாக இருந்தும் அவன் உட்காரவில்லை.

தேவேந்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து. “மூணுன்னா கஷ்டம். நாலுன்னா பாக்கலாம். நடுவுல சாப்பாட்டு நேரம் ஒண்ணு வருது” என்றான்.

ஜெயசுதா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு தேவேந்திரன் கையிலிருந்த போண்டாவுக்காக மட்டும் வாயைத் திறந்தான்.

செஞ்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. சென்னைத் துறைமுகத்தில் ஒரு சுங்க ஏஜென்டிடம் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஜெயசுதா, வாசலில் ‘பாஸ்போர்ட், ஏற்றுமதி, பார்சல் ஆலோசனை’ என்று ஒரு போர்டு மாட்டியிருந்தார். அதன் கீழே ‘துப்பும் துலக்கப்படும்’ என்று பெயின்ட்டால் எழுதிச் சேர்த்தது தேவேந்திரன். அக்கா அதை அழிக்கச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் நாலு வழக்கு வந்து நாலும் துலங்கிவிட்டதால் பெயின்ட்டுக்கு ஆயுள் கெட்டி. தேவேந்திரன் முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போது ஆட்டோவும் அவனும் சேர்ந்து அக்காவுக்கு உதவியாளர்கள்.

பீமாராவ் சொன்ன கதையைச் சுருக்கினால் இவ்வளவுதான். அவனுக்கு இருபத்தாறு வயது. பஜாரில் ராஜாராம் நடத்தும் மொபைல் ரிப்பேர் கடையில் நாலு வருஷமாக வேலை. ராஜாராமுக்குப் பழைய டிவி கேம்மேல் ஒரு பைத்தியம். முப்பது வருஷத்துக்கு முன்பு சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனவர்கள் பிள்ளைகளுக்காக வாங்கி வந்து, பிள்ளைகள் வளர்ந்ததும் பரணில் போட்ட, டிவி பெட்டியில் செருகி ஆடும் கேம் கேசட்டுகளை அனந்தபுரம், பனமலை என்று வீடு வீடாகத் தேடி வாங்குவார். பீமாராவ் அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து உயிர் கொடுப்பான். ஜெர்மனியில் ஒரு குட்டி ஊரில் பழைய விளையாட்டுகளுக்கென்றே ஒருத்தர் மியூசியம் வைத்திருக்கிறார். பன்னிரண்டு அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று அவர் கேட்க, மூன்று வாரத்துக்கு முன்னால் பார்சல் போனது. நாலு நாளைக்கு முன்னால் மெயில் வந்தது.

பீமாராவ் போனை நீட்டினான். ஜெயசுதா இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னார்: “பெட்டியில் கார்ட்ரிட்ஜ் ஒன்றுகூட இல்லை. கேசட்டுகள் மட்டுமே இருந்தன. இது நியாயமா?”

“கேசட்டு இருக்குது, கார்ட்ரிட்ஜ் இல்லைன்னா இன்னா அர்த்தம்? மேல் ஓடு இருக்குது, உள்ள இருக்கிற போர்டு இல்லை. பிரிண்டர்லகூட கார்ட்ரிட்ஜ் உள்ளதானே இருக்குது, அப்டின்றாரு எங்க ஓனரு. ஓட்டைக் கழட்டற ஸ்க்ரூ டிரைவரு கடையில என் ஒருத்தன் கையிலதான். அப்ப எடுத்தவன் யாரு?”

வேறு யாராக இருந்தாலும் சும்மா ஒரு வேலை போகும், வேறு கடை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பீமாராவ் குரூப் ஃபோர் பரீட்சையில் பாஸாகி, லிஸ்டில் பேர் வந்து, போலீஸ் வெரிஃபிகேஷன் ஒன்றுக்காகக் காத்திருந்தான். அவர்கள் குடும்பத்தில் முதல் அரசாங்க வேலை. அம்மா அனந்தபுரத்தில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்து, மீதிப் பாதிக்குச் சொல்லக் கிளம்பியிருந்தாள். இந்த நேரத்தில் ஸ்டேஷனில் அவன் பேரில் ஒரு திருட்டுப் புகார் பதிவானால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். மூன்று மணிக்குப் புகார் கொடுக்கப் போகிறேன் என்று ராஜாராம் காலையில் சொல்லிவிட்டார்.

“நாலு வருஷம் ஒரே டிபன்ல சாப்ட்டோம்க்கா. இப்ப என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேன்றாரு” என்றான். தேவேந்திரன் மிச்சமிருந்த போண்டாவை அவன் பக்கம் நகர்த்தினான். அவனிடமிருந்து அதற்குமேல் அனுதாபத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது.

சுங்கப் படிவத்தில் சரக்கை என்னவென்று எழுதினார்கள் என்று ஜெயசுதா கேட்டார். பீமாராவ் அதன் படத்தைக் காட்டினான். ‘பழைய வீடியோ கேசட், பன்னிரண்டு, அன்பளிப்பு’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஜெயசுதா பல்வலி வந்தவர்போல் கண்ணை மூடினார்.

“விக்கிறதுக்கு அனுப்பிட்டு அன்பளிப்புன்னு யாரு எழுதச் சொன்னது?”

யூடியூபில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான் பீமாராவ். விற்ற பொருளை விற்றது என்றுதான் எழுத வேண்டும், வரியிலிருந்து நழுவப் பொய் எழுதினால் இரண்டு தேசத்துச் சுங்கமும் கேள்வி கேட்கும் என்று ஜெயசுதா விளக்கினார். கேசட்டுக்குள் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பட்டன் பேட்டரி இருந்தால், விமானத்தில் போகிற சரக்கு என்பதால் அதையும் சொல்ல வேண்டும். பிறகு, பன்னிரண்டும் ஒரிஜினல்தானா என்று கேட்டார்.

பீமாராவ் தலையைச் சொறிந்தான். ஒன்பது ஒரிஜினல். மீதி மூன்றும், ஒரே கேசட்டுக்குள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது விளையாட்டு இருப்பதாகச் சொல்லும் நகல். வேண்டாம் என்று அவன் சொன்னானாம். ராஜாராம்தான் டஜன் கணக்கு வரவில்லை என்று சேர்த்துவிட்டார்.

“நகலை விக்கிறது இங்கயும் குத்தம், அங்கயும் குத்தம். மாட்டியிருந்தா சுங்கத்துக்காரங்க அந்த மியூசியக்காரரு கதவையே தட்டியிருப்பாங்க. சரி, கூரியர் ரசீதைக் குடு.”

ரசீதைப் பார்த்ததும் ஜெயசுதாவின் புருவம் ஏறியது. அது ஏறினால் ஏதோ சிக்கிவிட்டது என்பது தேவேந்திரனுக்குத் தெரியும். எட்டிப் பார்த்தான். தேதி, ஊர், எடை மூன்று கிலோ நானூறு கிராம். அவன் கண்ணுக்குச் சிக்கியது ஒன்றுமில்லை.

ஜெயசுதா பீமாராவின் பையில் உதிரியாகக் கிடந்த ஒரு கேம் கேசட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற சின்னப்பொண்ணிடம் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. அதில் கேசட்டை வைத்தார். எழுபத்தைந்து கிராம். எத்தனை கிலோ என்று சின்னப்பொண்ணு கேட்டாள்.

“பன்னெண்டு இப்படி. எவ்ளோ வரும் தேவா?”

“தொள்ளாயிரம் கிராம்.”

“பெட்டி, பஞ்சு எல்லாம் சேத்து ஒண்ணரை கிலோன்னு வை. உள்ள இருக்கிற போர்டைத் திருடினா இன்னும் குறையணும். இவன் திருடின பெட்டி மூணு கிலோ நானூறு.”

தேவேந்திரன் பீமாராவை மேலும் கீழும் பார்த்தான். “எடுத்துக்கினு போறவனைப் பாத்திருக்கேன். வெச்சிட்டுப் போற திருடனை இப்பதான் பாக்கறேன். எங்க வீட்டுக்கும் ஒருவாட்டி வந்துட்டுப் போப்பா.”

நாலு நாளில் முதல் தடவையாக பீமாராவ் சிரித்தான். ஐந்து கிலோ வரைக்கும் ஒரே கட்டணம் என்பதால் எடையை யாருமே பார்க்கவில்லை என்றான்.

ஆட்டோ பஜாருக்குக் கிளம்பியது. ஏலம் நடக்கும் மார்க்கெட் கமிட்டிக்கு நெல் ஏற்றி வந்த லாரிகள் ரோட்டை அடைத்து நின்றதால் பத்து நிமிஷ தூரத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நேரத்தை ஜெயசுதா வீணாக்கவில்லை. பீமாராவின் போனிலிருந்து மியூசியக்காரருக்கு ஒரு மெயில் போட்டார். பெட்டியில் இருந்ததில் ஒன்றை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி. இந்நேரம் அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், எழுந்து காபி குடித்துவிட்டுத்தான் பார்ப்பார் என்றார்.

ராஜாராம் நாற்பது வயதுக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்தால் நாலு நாள் இறங்காது, இன்று அதற்கு நாலாவது நாள். பீமாராவைப் பார்த்ததும் கையிலிருந்த போனின் உடம்புக்குள் பார்வையைப் புதைத்துக்கொண்டார். ஜெயசுதா தான் யார் என்று சொன்னதும் நாற்காலி போட்டார். பெட்டியை யார் கட்டியது என்று ஜெயசுதா கேட்டார்.

“பேக்கிங்கு அவன். மூடி டேப்பு போட்டதும் அவன். மேல ‘கேசட் 12’ன்னு எழுதி, அட்ரஸ் ஸ்டிக்கர் ஒட்டினது மட்டும் நானு. அந்த வேலைய நான் யாருக்கும் தர்றதில்ல மேடம். நம்ம கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பக்கத்துல ஸ்டுடியோக்காரருகூட அவரு பார்சலுக்கு என்னைத்தான் எழுதச் சொல்வாரு.”

“அன்னிக்கும் எழுதிக் குடுத்தீங்களா?”

புதுச்சேரிக்கு ஒரு பெட்டி எழுதினேன் என்றார் ராஜாராம் பெருமையாக. கூரியர்காரன் இந்தக் கடையிலிருந்துதான் எல்லாருடைய பார்சலையும் எடுப்பான். சார்ஜர் வருகிற அட்டைப்பெட்டி நிறையக் கிடப்பதால் பக்கத்துக் கடைகளுக்கும் இங்கிருந்துதான் பெட்டி. வெளிநாட்டுப் பார்சலை மட்டும் பீமாராவே கூரியர் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஜெயசுதா எடையைப் பற்றிச் சொன்னபோது ராஜாராம் கொஞ்சம் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, போர்டை எடுத்துவிட்டுக் கல்லை வைத்திருப்பான் என்றார்.

“கல்லு வெச்சா அந்த மனுஷன் மெயில்ல கல்லுன்னு எழுதியிருக்க மாட்டாரா?” என்றான் தேவேந்திரன்.

ராஜாராம், மூன்று மணிக்குக் காத்திருக்காமல் இப்போதே போகிறேன் என்று சட்டைப் பையிலிருந்த புகார்க் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். பீமாராவ் வழியை மறிக்கவில்லை, ஒதுங்கி நின்றான்.

ஜெயசுதாவோ ராஜாராமைத் தடுக்காமல் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தார். அது அரங்கநாதனின் போட்டோ ஸ்டுடியோ. வாசலில் மாப்பிள்ளை கோலத்தில் யாரோ ஒருத்தர் இருபது வருஷமாக வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தார். அரங்கநாதன் சாப்பிட உட்காரப் போகிற நேரம்.

“புதுச்சேரிக்கு அனுப்பின சரக்கு வந்துடுச்சுங்களா?” என்று ஜெயசுதா சாவகாசமாகக் கேட்டார்.

அரங்கநாதன் இலையை மடித்து வைத்துவிட்டுப் புலம்ப ஆரம்பித்தார். மூன்று வாரமாக இதே தலைவலி. அங்கே கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், உங்க கேசட் பன்னெண்டும் எங்க மெஷினுக்குள்ள போகவே மாட்டேங்குது, சின்னதா இருக்குது என்கிறானாம். சின்ன கேமரா கேசட்டாக இருக்கும், அடாப்டர் வாங்கிப் போடு என்று இவர் சொல்லியிருக்கிறாராம். அடாப்டரிலும் போகவில்லையாம். கொடுத்தவர்கள் தினமும் வந்து கேட்கிறார்கள்.

ஜெயசுதா சிரித்த சிரிப்பில் அரங்கநாதனுக்குக் கொஞ்சம் வருத்தம் வந்துவிட்டது. தேவேந்திரனுக்கு அதைவிட. நம் ஆள் ஜெயிலுக்குப் போகிற நேரத்தில் புதுச்சேரி மெஷினின் உடல்நலம் எதற்கு என்று படியிறங்கும்போதே கேட்டான்.

“எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது. வண்டிய ஸ்டேஷனுக்கு விடு” என்றார் அக்கா.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ராஜாராம் ஏற்கெனவே ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் வருகிற புகாரையெல்லாம் எழுதுகிறவர் ரைட்டர் பார்த்திபன். நிதானமான மனிதர், ஆனால் அன்றைக்கு முகம் சரியில்லை. ஜெயசுதா வாசலிலேயே நின்று, பேசாமல் கேள் என்று தேவேந்திரனுக்குச் சைகை காட்டினார்.

“இன்னா காணோம்?”

“கேசட்டு சார். பன்னெண்டு.”

ரைட்டரின் பேனா நின்றது. “கல்யாண கேசட்டா?”

“இல்ல சார், கேம் கேசட்டு. டிவில போட்டு ஆடுவாங்களே.”

“அப்படி விவரமா சொல்லுங்க. கேசட்டுன்னா எனக்கு என் கல்யாண கேசட்டுதான் ஞாபகத்துக்கு வருது. பென்டிரைவ்ல ஏத்தித் தர்றேன்னு ஸ்டுடியோக்காரரு வாங்கிட்டுப் போயி மூணு வாரம் ஆவுது. வீட்டுல தெனம் சண்டை.”

தேவேந்திரனுக்கு மண்டையில் பல்பு எரிந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா உள்ளே போய்விட்டிருந்தார்.

“சார், இதுல திருட்டே நடக்கல. ராஜாராம், நீங்க அன்னிக்கு ரெண்டு பெட்டி மேல எழுதினீங்க. ரெண்டும் ஒரே சார்ஜர் பெட்டி. ரெண்டுலயும் ‘கேசட் 12’. ஒண்ணு உங்க கேம், இன்னொண்ணு அரங்கநாதன் ஐயாவோட கல்யாண வீடியோ. ஜெர்மனி ஸ்டிக்கரை நீங்க எதுல ஒட்டினீங்க?”

ராஜாராம் ஸ்டிக்கர் ஒட்டிய தன் கையைப் பார்த்தார்.

“நாமதான் கேமையும் கேசட்டுன்றோம், கல்யாண வீடியோவையும் கேசட்டுன்றோம். அவங்க ஊருல கேமுக்குப் பேரு கார்ட்ரிட்ஜ். கார்ட்ரிட்ஜ் இல்ல, கேசட்டு இருக்குதுன்னா ஓடு இருக்குது, போர்டு இல்லைன்னு அர்த்தம் இல்ல. கேம் வரல, வீடியோ கேசட் வந்துடுச்சுன்னு அந்த மனுஷன் அழகா எழுதியிருக்காரு. உங்க கேம் பன்னெண்டும் புதுச்சேரில ஒரு மெஷினுக்குள்ள போக மாட்டேன்னு அடம் புடிச்சிக்கினு இருக்குது.”

அந்த நேரம் பார்த்து பீமாராவின் போன் ஒலித்தது. ஜெர்மனிக்காரர் காபி குடித்து முடித்திருந்தார். போட்டோவில், ஒரு பளபளப்பான மேஜைமேல் கறுப்பாக ஒரு வீடியோ கேசட். அதன்மேல் ரோஜாப்பூப் போட்ட லேபிள். தேவேந்திரன் அதைச் சத்தமாகப் படித்தான்.

“பார்த்திபன், சுமலதா. திருமணம். மயிலம்.”

ரைட்டர் பார்த்திபன் போனை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என் கல்யாணம் ஜெர்மனில இருக்குதா?”

“பத்திரமாதான் இருக்குது சார். மியூசியத்துல” என்றான் தேவேந்திரன்.

ரைட்டர் ராஜாராமின் புகார்க் கடிதத்தை மெதுவாகத் திருப்பி வைத்தார். பொருளைப் பறிகொடுத்தவன் நானாகிவிட்டேன், அனுப்பியவர் நீங்களாகிவிட்டீர்கள், இப்போது யார் யார்மேல் புகார் எழுதுவது என்று கேட்டார். ராஜாராம் எழுந்து நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

அப்போது பேசியது பீமாராவ். “தெரியாம ஒட்டிட்டாரு சார். எடுத்துக்கினு போன நானும் தூக்கிப் பாத்து, இன்னா கனமா இருக்குதேன்னு யோசிச்சிருக்கணும். என் தப்பும் இருக்குது. அவர ஒண்ணும் பண்ணாதீங்க.”

ராஜாராம் நாலு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

“இதுல ஒரு வேடிக்கை இருக்குது” என்று ஜெயசுதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “படிவத்துல இன்னா எழுதினீங்க? பழைய வீடியோ கேசட், பன்னெண்டு, அன்பளிப்பு. உள்ள இருந்தது இன்னா? பழைய வீடியோ கேசட். பன்னெண்டு. காசும் வாங்கல. நீங்க நெனச்ச பார்சல் போயிருந்தா பொருளும் பொய், அன்பளிப்பும் பொய், உள்ள மூணு நகல் வேற. அங்க சுங்கத்துல மாட்டி, அதுக்கப்புறம் அந்த மியூசியக்காரரு உங்க பேரையே கேக்க மாட்டாரு. தப்பா போனதாலதான் தப்பிச்சீங்க.”

மேற்கொண்டு செய்ய வேண்டியதையும் அங்கேயே சொன்னார். ஜெர்மனிக்காரருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேசட்டுகளைத் திருப்பி அனுப்பும்போது, தவறாக வந்த சரக்கு திரும்பப் போகிறது என்று அவர் தெளிவாக எழுத வேண்டும். புதுச்சேரியிலிருந்து கேம் பெட்டியைத் திரும்ப வாங்கி, ஒன்பது ஒரிஜினலை விற்பனை என்று சொல்லி, பில் வைத்து, பேட்டரியையும் குறிப்பிட்டு, கார்ட்ரிட்ஜ் என்ற பேரிலேயே அனுப்ப வேண்டும். மூன்று நகலும் இனி செஞ்சியைத் தாண்டக் கூடாது. அங்கிருந்து பழைய கேம் செட் வரவழைக்கலாமா என்று ராஜாராம் மெல்ல ஆரம்பித்தார். பழைய எலக்ட்ரானிக் சாமான் உள்ளே வருவதற்கு வேறு சட்டம், அதற்கு நாளைக்கு ஆபீசுக்கு வாருங்கள் என்று ஜெயசுதா வெட்டிவிட்டார்.

ரைட்டர், அரங்கநாதனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். வீட்டில் சுமலதாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய இப்போதைய கவலை. நம் கல்யாணத்தை வெளிநாட்டில் பார்க்கிறார்கள் என்று சொல்லுங்கள், சண்டை அதோடு நிற்கும் என்று தேவேந்திரன் யோசனை கொடுத்தான். ரைட்டர் அதைச் சீரியஸாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு பையனிடம் பேர் கேட்டார். பீமாராவ், அனந்தபுரம் என்றான். ரைட்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மேஜைமேலிருந்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார்.

“குரூப் ஃபோரா? உன் வெரிஃபிகேஷன் பேப்பரு முந்தாநாளே வந்துடுச்சு. அக்கம்பக்கத்துல விசாரிச்சாச்சு. நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போட்டா முடிஞ்சுது.”

பீமாராவ் யாரைச் சொல்வது என்று யோசிப்பதற்குள் ராஜாராம் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். எத்தனை வருஷமாகத் தெரியும் என்ற இடத்தில் நாலு என்று எழுதினார். அந்த அச்சுக் கையெழுத்து இப்போது கோணலாகப் போயிற்று. அடுத்த கட்டத்தில் ‘நடத்தை’ என்று போட்டிருந்தது. அங்கே பேனா நின்றது.

“நன்றுன்னு எழுதினா போதும்” என்றார் ரைட்டர்.

ராஜாராம் கேட்கவில்லை. ‘என்னைவிட நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.